அட்டையில் உள்ள பி1 வேறு, அலுவலகம் கேட்கும் பி1 வேறு

ஜெர்மனிக்கு வந்து இறங்கியதும் முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு என்று ஓடி ஓடி எல்லாவற்றையும் முடித்துவிடுகிறோம். மொழி மட்டும் தள்ளிப்போகிறது. வேலை கொஞ்சம் பிடிபடட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட்டு, ஒரு நாள் இரவு போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். "பூஜ்யத்திலிருந்து பி1 வரை, வீட்டிலிருந்தே, சான்றிதழுடன்." நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த ஒரு வரியில்தான். வீட்டிலிருந்தே படிப்பதில் ஒரு தவறும் இல்லை. அந்த "பி1"-உம் "சான்றிதழ்"-உம்தான் சிக்கல். (மொழித் தேர்ச்சியை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக ஏறும் நிலைகளில் அளக்கிறார்கள், ஏ1 தொடக்க நிலை.)

யாருக்கு எந்த நிலை வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புளூ கார்டில் (பட்டம் பெற்ற பணியாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய அனுமதி) இருப்பவர்கள் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு ஏ1 வைத்திருந்தால் 27 மாதம் காத்திருக்க வேண்டும், பி1 இருந்தால் 21 மாதம் போதும். மற்ற திறன்பணியாளர் விசாவில் வந்தவர்களுக்கு 36 மாதமும் பி1-உம். குடியுரிமைக்கும் பி1. நர்ஸ் வேலைக்கு அங்கீகாரம் வாங்கப் பெரும்பாலான மாநிலங்களில் பி2 கேட்கிறார்கள். மனைவியோ கணவரோ விசாவில் வர பொதுவாக ஏ1 தேவை. புளூ கார்டுக்காரர்களின் துணைக்கும் மற்ற திறன்பணியாளர் விசாவில் இருப்பவர்களின் துணைக்கும் அது வேண்டாம். மொழியைத் தவிர மற்ற நிபந்தனைகளும் உண்டு. அவற்றை உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சான்றிதழ். நம் ஊரில் எந்த இன்ஸ்டிடியூட்டில் படித்தாலும் கோர்ஸ் முடித்ததற்கு ஒரு காகிதம் தருவார்கள், இன்டர்வியூவில் அதற்கு மதிப்பும் இருக்கும். அந்தப் பழக்கத்தில்தான் இங்கேயும் ஏமாறுகிறோம். கோர்ஸ் முடித்ததற்குத் தரும் காகிதத்துக்கு இங்கே டைல்நாமெபெஷைனிகுங் என்று பெயர். கலந்துகொண்டார் என்று மட்டும்தான் அது சொல்கிறது, தேறினார் என்று சொல்வதில்லை. அலுவலகம் கேட்பது ட்ஸெர்டிஃபிகாட், அதாவது அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு மேற்பார்வையுடன் நடத்திய தேர்வின் சான்று. கோதே, டெல்க், ஓஎஸ்டி ஆகிய தேர்வு அமைப்புகளில் ஒன்றின் பெயர் இருந்தால் பேச்சே இல்லை. குடியேறியவர்களுக்காக அரசு ஏற்பாட்டில் நடக்கும் ஒருங்கிணைப்பு வகுப்பின் முடிவில் வைக்கும் டிடிஇசட் தேர்வில் பி1 வாங்கினாலும் சரி. ஆப் தானாக அச்சிட்டுத் தரும் காகிதத்தில் தங்க முத்திரையே இருந்தாலும், அதை மேசையில் வைத்தால் அலுவலர் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதற்குள் ஒரு வருடம் போயிருக்கும்.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. எங்கே படித்தீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. தேர்வுக்குப் போக எந்தக் கோர்ஸில் சேர்ந்த ஆதாரமும் வேண்டாம். ஆகவே சான்றிதழுக்காகக் கோர்ஸுக்குக் கூடுதல் பணம் கட்டவே வேண்டாம், அதைத் தேர்வுக் கட்டணத்துக்கு எடுத்து வையுங்கள்.

"பி1" என்ற சொல் இதைவிடப் பெரிய பொறி. கோதே பி1 தேர்வில் நான்கு பகுதிகள். வாசிப்பு 65 நிமிடம், கேட்பு 40, எழுத்து 60, பேச்சு இன்னொரு தேர்வருடன் சேர்ந்து சுமார் 15. ஒவ்வொன்றும் 100 புள்ளி, ஒவ்வொன்றிலும் 60 வாங்க வேண்டும். வாசிப்பில் 95 வாங்கி எழுத்தில் குறைந்ததை ஈடுகட்ட முடியாது. சுயகற்றல் கோர்ஸ்களில் பெரும்பாலானவை முதல் இரண்டுக்குத்தான் தயார்செய்கின்றன. சரியான விடையைத் தொடு, சொற்களை இழுத்து வரிசைப்படுத்து, கேட்டதற்கு டிக் போடு. பார்த்தால் அடையாளம் தெரிகிற மொழி ஒன்று, வெறும் தாளில் நம் கை எழுதுகிற மொழி வேறொன்று.

எழுத்துப் பகுதியின் மூன்றாவது பணியையே எடுத்துக்கொள்வோம். சுமார் 40 சொல்லில் மரியாதையான மின்னஞ்சல், வர முடியாது என்று சொல்ல வேண்டும், காரணமும் தர வேண்டும். எழுத வேண்டிய மைய வாக்கியம் இது: "லைடர் கான் இஷ் நிஷ்ட் கொம்மன், வைல் இஷ் ஆர்பைட்டன் முஸ்." வருத்தம், வர முடியாது, வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஆப்பில் இதே வாக்கியத்தை ஐம்பது முறை சரியாக வரிசைப்படுத்தியவரிடம் வெறும் தாளைக் கொடுத்தால் "லைடர் இஷ் கான்" என்று எழுதுவார், "வைல் இஷ் முஸ் ஆர்பைட்டன்" என்று முடிப்பார். "லைடர்" முதலில் வந்தால் வினை இரண்டாம் இடத்தில் உட்கார வேண்டும், "கான் இஷ்" என்று. "வைல்" வந்தால் வினை கடைசிக்குப் போக வேண்டும். இரண்டு விதியும் அவருக்குத் தெரியும். ஆனால் ஆப்பில் கட்டைகள் தீரத் தீர மிச்சமிருப்பது தானாகச் சரியான இடத்தில் விழுந்துவிடும். கை ஒரு தடவைகூட முடிவெடுக்கவில்லை.

அதனால் கோர்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, நான் எழுதியதை யார் திருத்துவார்கள்? இதற்குப் பதில் இல்லாத கோர்ஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் துணைப்பாடம்தான். பணம் கட்டாமலே திருத்தம் கிடைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே எனப்படும் மக்கள் கல்விக்கூடங்களின் கூட்டமைப்பு நடத்தும் விஹெச்எஸ் லெர்ன்போர்டால் என்ற இணையதளம் அது. ஏ1 முதல் பி1 வரையும், வேலைக்கான பி2-உம் அதில் இலவசம். தனியாகப் படிப்பவர்களின் எழுத்துப் பயிற்சியை இணையவழி ஆசிரியர் பார்த்துத் திருத்தி அனுப்புவார். நம்மில் பலர் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் மாதச் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்து, எந்தக் கோர்ஸையும் முதல் பாடத்தை வைத்து எடைபோடாதீர்கள். "இஷ் ஹைஸே" (என் பெயர்) சொல்லித் தரும் முதல் பாடம் எல்லாக் கோர்ஸிலும் நன்றாகத்தான் இருக்கும். கடைசிப் பாடத்தைத் திறந்து பாருங்கள். பி1 என்றால் அங்கே செயப்பாட்டு வினை, "ஹெட்டே, வேரே, வ்யூர்டே" என்று வரும் கொன்யுங்க்டிவ் ("இருந்தால், செய்தால்" என்று கற்பனையாகச் சொல்லும் வடிவம்), உறவுத் துணைவாக்கியம், "உம் ட்ஸூ" (செய்வதற்காக), "ஒப்வோல்" (என்றாலும்), ப்ரேடரிட்டும் என்ற இறந்தகால வடிவம், பெயரடை விகுதிகள் எல்லாம் கடந்து வந்திருக்க வேண்டும். இன்னும் உணவகத்தில் ஆர்டர் செய்துகொண்டிருந்தால் அது ஏ2, அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. கோதே பி1 சொற்பட்டியல் பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கிறது, சுமார் 2,400 பதிவுகள். ஏ1 பட்டியல் ஏறத்தாழ 650, ஏ2 1,300. பி1 பட்டியலில் கண்ணை மூடி 50 சொல் எடுத்து, கோர்ஸின் சொல்லகராதியில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். அரை மணி நேர வேலை, ஆனால் எந்த விமர்சனமும் இவ்வளவு சொல்லாது.

சொற்பட்டியல் அச்சிடப்பட்டிருக்கும் விதத்தையும் பாருங்கள். பெயர்ச்சொல்லோடு அதன் பாலைக் காட்டும் ஆர்ட்டிகிளும், அதாவது "டெர், டீ, தாஸ்" மூன்றில் ஒன்றும், பன்மையும் இருக்க வேண்டும். வினைச்சொல் "ஃபாரன், ஃபேர்ட், இஸ்ட் கெஃபாரன்" என்று மூன்று வடிவத்தோடு வர வேண்டும். வெறும் "டிஷ் - மேசை" என்று போட்டிருந்தால் மூடிவிடுங்கள். பின்னால் ஆயிரம் சொல்லுக்கு ஆர்ட்டிகிளைத் திரும்பப் படிப்பது, கட்டிய வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவது போன்ற வேலை.

அச்சுப் புத்தகம் வாங்குவதென்றால், வகுப்பறைப் புத்தகத்தைத் தனியாகப் படிக்க வாங்கும்போது விடைப்பகுதியும் கேட்பு உரைகளின் எழுத்து வடிவமும் எங்கே இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். சில பதிப்பகங்கள் தளத்தில் இலவசமாக வைத்திருக்கும், சில ஆசிரியர் கையேட்டில் தனியாக விற்கும். இன்னொன்று: ஹூபர் பதிப்பகத்தின் ஷ்ரிட்டே வரிசையில் இன்டர்நாட்சியோனால் வெளிநாட்டில் படிப்பவர்களுக்கு, ப்ளூஸ் ஜெர்மன் பேசும் நாடுகளில் வாழ்பவர்களுக்கு. ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தது முதல் வகை என்றால் தூக்கிப் போட வேண்டாம், இலக்கணம் அதேதான். புதிதாக வாங்குவதாக இருந்தால் இரண்டாவதை எடுங்கள். வாங்கும் முன் நகர நூலகத்தில் தேடுங்கள். பாடப்புத்தகங்கள் ஒலிப்பதிவோடு அங்கே இருக்கும்.

"மூன்று மாதத்தில் பி1" என்பதற்கும் கணக்குப் போடலாம். பி1 தொட 45 நிமிட வகுப்புகள் 350 முதல் 650 வரை தேவை என்று கோதே நிறுவனம் சொல்கிறது. நடுவில் 500 என்று வைத்தால் 375 மணி நேரம். தொண்ணூறு நாளில் முடிக்க, ஒரு நாள்கூட விடாமல் தினமும் நான்கு மணி நேரத்துக்கு மேல். வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, ஒரு மணி நேரம் ஒதுக்க முடிகிறவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுதான் நேர்மையான கணக்கு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பெரும்பாலான கோர்ஸ்கள் ஆங்கிலம் வழியாக விளக்குகின்றன. தமிழ் தெரிந்தவருக்கு அது சில இடங்களில் சுற்றுவழி. வேற்றுமை என்றதும் ஆங்கிலக் கோர்ஸ் பத்துப் பக்கம் விளக்கும். நமக்கு "ஐ"-யும் "க்கு"-வும் பால்குடி வயதிலேயே தெரியும். "மியர் இஸ்ட் கால்ட்" என்றால் எனக்குக் குளிருது. "தாஸ் கெஃபெல்ட் மியர்", எனக்குப் பிடிச்சிருக்கு. "எர் ஹில்ஃப்ட் மியர்", எனக்கு உதவுறான். மூன்றிலும் அதே "க்கு". மேலே பார்த்த "ஆர்பைட்டன் முஸ்" கூட அச்சாக "வேலை செய்ய வேண்டும்" தான், வரிசையைக் குழப்பியது ஆங்கிலம். குறில் நெடிலும் அப்படியே. நகரத்துக்கு "ஷ்டட்", நாட்டுக்கு "ஷ்டாட்". நம் காது உடனே பிரித்துவிடும்.

தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு, எந்தக் கோர்ஸும் அவற்றைச் சொல்லாது. "அவனுக்கு போன் பண்ணினேன்" என்கிறோம், ஜெர்மனில் போன் செய்வது "ஐ" கேட்கும்: "இஷ் ரூஃபே ஈன் அன்." "மேசை வாங்கினேன்" என்று உயிரற்ற பொருளுக்கு "ஐ" விட்டுவிடுகிறோம், அதே பழக்கத்தில் "ஐன் டிஷ்" என்று எழுதிவிடுகிறோம், "ஐனன் டிஷ்" என்று வர வேண்டும். நம் ஆட்கள் எழுத்துத் தாளில் அதிகம் புள்ளி இழப்பது இந்த ஒரு விகுதியில்தான் என்பது என் கணிப்பு. மரியாதையிலும் ஒரு வித்தியாசம்: பாட்டியை நாம் "நீங்க" என்போம், இங்கே பாட்டிக்கு "டூ", அடுத்த வீட்டுக்காரருக்கு "ஸீ".

நோட்டில் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைக்கும் பழக்கத்தை மட்டும் முதல் நாளே விட்டுவிடுங்கள். தோட்டத்துக்கும் அட்டைகளுக்கும் ஜெர்மனில் வெவ்வேறு முதல் ஒலி. தமிழில் இரண்டும் "கார்ட்டன்" ஆகிவிடும். "ஏற்கெனவே" என்பதும் "அழகான" என்பதும் தமிழ் எழுத்தில் ஒரே "ஷோன்". அதில் ஒன்றுக்கு ஓ-வின் மேல் இரண்டு புள்ளி உண்டு, உதட்டைக் குவித்துக்கொண்டு ஏ சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் தமிழில் எழுதியிருப்பவற்றையும் ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் கட்டி ஒரு கோர்ஸ் எடுப்பதென்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். இணையத்தில் செய்த ஒப்பந்தத்தை 14 நாளில் திரும்பப் பெறலாம், விடர்ருஃப் என்று பெயர். ஆனால் வீடியோ, ஆடியோ போன்ற டிஜிட்டல் பாடங்களுக்கு "உடனே திறக்கச் சம்மதம், திரும்பப் பெறும் உரிமை போகும் என்று அறிவேன்" என்ற கட்டத்தில் டிக் போட்டால் அந்த உரிமை அங்கேயே முடிந்துவிடும். நாம் படிக்காமல் டிக் போடுவது அந்தக் கட்டத்தைத்தான். சந்தாவாக இருந்தால், 2022 மார்ச் முதல் செய்த ஒப்பந்தங்களில் முதல் காலம் முடிந்து தானாக நீண்டபின் ஒரு மாத அறிவிப்பில் வெளியேறலாம். தளத்தில் ரத்துசெய்யும் பொத்தான் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். ஆசிரியர் உங்கள் முன்னேற்றத்தைச் சோதிக்கும் கட்டணத் தொலைநிலைக் கோர்ஸ் என்றால், தொலைநிலைக் கோர்ஸ்களுக்கு அனுமதி தரும், கொலோனில் உள்ள இசட்எஃப்யூ என்ற அரசு அமைப்பின் அனுமதி எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

தொடங்க எது எடுக்கலாம் என்று கேட்டால்: கேட்பதற்கு டாய்ச்ச வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் நிகோஸ் வேக், ஏ1 முதல் பி1 வரை இலவச வீடியோ. எழுத்துக்கு விஹெச்எஸ் லெர்ன்போர்டால். விடைப்பகுதியோடு ஒரு இலக்கணப் பயிற்சிப் புத்தகம். இந்த மூன்று போதும், நான்காவது ஆப் வேண்டாம். பேச்சுக்கு மனிதர்கள்தான் வேண்டும். பல நகர நூலகங்களிலும் சமூகக் கூடங்களிலும் ஷ்ப்ராக்கஃபே என்று வாரம் ஒருமுறை இலவசமாகக் கூடுகிறார்கள். ஏ2 தொட்டதும் போகத் தொடங்குங்கள், பி1 முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கோர்ஸில் முக்கால் பங்கு முடிந்ததும் தேர்வு நாளைப் பதிவுசெய்யுங்கள், இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். மாதிரித் தேர்வை கோதே, டெல்க் இரண்டின் தளங்களிலிருந்தும் இறக்கி, கடிகாரம் வைத்து, அகராதி இல்லாமல் எழுதிப் பாருங்கள். பேச்சுப் பகுதியில் ஒரு தலைப்பைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். அதைப் போனில் பதிவுசெய்து, மறுநாள் கேட்டு, வினை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கோதே பி1-இல் ஒரு பகுதி போய்விட்டால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப எழுதலாம், மற்ற மூன்றும் கையில் இருக்கும்.