ஐலாத் தீவின் புகைமண விஸ்கியை எப்போதாவது அருந்துவோர்க்கு

புகைமணம் மிகுந்த ஸ்காட்ச் விஸ்கி அன்றாடம் அருந்துவதற்கு உரியதன்று. உடல்நலமும் விலையும் அதற்குப் போதுமான காரணங்கள்தாம். அவற்றோடு மூக்கைச் சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. ஒரே மணத்தைத் தொடர்ந்து நுகரும் மூக்கு அதற்கு விரைவில் பழகி, அதை உணர்வதைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே முதல் குவளையில் எழும்பிய புகை இரண்டாவதில் மங்கிப்போகும். இடைவெளி விட்டு, சிறிதளவு மட்டும் அருந்துவோரே இந்த விஸ்கிக்குக் கொடுத்த விலையின் முழுப் பயனையும் பெறுகிறார்கள்.

இப்புகை பீட் எனப்படும் எரிபொருளிலிருந்து வருவது. சதுப்பு நிலத்துத் தாவரங்கள் பல நூற்றாண்டுகளாக மட்கி இறுகிய படிவத்தை வெட்டி உலர்த்தி, முளைகட்டிய பார்லியை உலர்த்தும்போது அதை எரிக்கிறார்கள். அப்போது புகைமணம் தரும் பீனால் வகைச் சேர்மங்கள் தானியத்தில் படிகின்றன. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஐலாத் தீவு இவ்வகைக்குப் பேர்போனது. அதன் தென்கரையில் லஃப்ராய்க், லகவுலின், ஆர்ட்பெக் ஆகிய மூன்று வடிசாலைகள் ஒரே சாலையில் அருகருகே அமைந்துள்ளன. முதலாவதும் மூன்றாவதும் 1815 ஆம் ஆண்டையும், லகவுலின் 1816 ஆம் ஆண்டையும் தம் தொடக்கமாகக் கூறிக்கொள்கின்றன.

புட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பீனால் என்ற எண்ணைத் தேடுகிறார்கள். அந்த எண் வழக்கமாக மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியில், அளக்கப்படுவதேயன்றிப் புட்டிக்குள் இருக்கும் மதுவில் அளக்கப்படுவதன்று. வடிக்கும்போதும் மரப்பீப்பாயில் முதிரும்போதும் அதில் பெரும்பகுதி குறைந்துவிடும். லகவுலினும் ஐலாவின் மற்றொரு வடிசாலையான கோல் ஈலாவும் அத்தீவின் போர்ட் எல்லன் என்னும் ஊரில் உள்ள ஒரே மால்ட் சாலையிலிருந்துதான் புகையேற்றிய பார்லியைப் பெற்றுவந்தன. ஆயினும் வடிக்கும் கொப்பரையின் வடிவமும், வடிந்துவரும் சாராயத்தை எந்தக் கட்டத்தில் பிரித்தெடுக்கிறார்கள் என்பதும் வேறுபடுவதால், முன்னது கனமாகவும் பின்னது மெலிந்து தெளிவாகவும் அமைகின்றன. பீப்பாயில் விஸ்கியின் வயது கூடக் கூடப் புகை தணியும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். முகத்தில் அறையும் புகை வேண்டுமெனில் 46 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட, பத்தாண்டு முதிர்ந்த ஆர்ட்பெக் 10 பொருந்தும். உலர்பழ இனிப்போடு இழைந்த புகையை விரும்புவோர் 43 விழுக்காடு கொண்ட, பதினாறாண்டு முதிர்ந்த லகவுலின் 16 ஐத் தேடலாம். லஃப்ராய்க்கின் மருந்து வாடையை முதன்முறையிலேயே விரும்புவோர் மிகச் சிலர். அதிலிருந்து தொடங்குமாறு யாரையும் நான் வற்புறுத்தமாட்டேன்.

அருந்தும் வேளையையும் இடத்தையும் சற்று யோசித்துத் தெரிவு செய்யவேண்டும். ஊதுவத்தியோ சாம்பிராணியோ போட்ட அறையில் இந்த விஸ்கியைத் திறப்பது வீண். மிளகாய்க் காரம் நாக்கில் எரிந்துகொண்டிருக்கும்போதும் அவ்வாறே. உணவு முடித்து ஒரு மணி நேரமாவது கழியட்டும். வாகனம் ஓட்டவேண்டிய நாளிலும் தூக்க மாத்திரை உட்கொள்ளும் நாளிலும் புட்டியைத் தொடவே கூடாது.

அளவு ஒரு சிறிய பெக், அதாவது 30 மில்லி, போதுமானது. லகவுலினில் அந்த அளவுக்குள் ஏறத்தாழ 13 மில்லி தூய ஆல்கஹால் இருக்கும். அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் குவளை மணத்தைச் சேர்த்துத் தரும். கிளென்கெய்ர்ன் என்ற குவளை இதற்கென்றே உருவாக்கப்பட்டது. ஊற்றியபின் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, குவளையை முதலில் முகவாய்க்குக் கீழே பிடித்து, வாயைச் சற்றே திறந்தபடி மெல்ல நுகரவேண்டும். குவளைக்குள் மூக்கை நுழைத்து ஆழ இழுத்தால் ஆல்கஹாலின் நெடி நாசியை மரத்துப்போகச் செய்துவிடும். முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு மட்டுமே ஆகையால், அதைக் கொண்டு விஸ்கியை எடைபோட வேண்டாம். இரண்டாவது மிடற்றை வாயில் சில நொடிகள் வைத்திருந்து விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை வெளியே விட்டால் புகையின் உண்மையான நீளம் விளங்கும். கரி, கடற்பாசி, உப்பு, தார், கிருமிநாசினி என்று ஒவ்வொன்றாக எழுந்து அடங்க ஒரு நிமிடத்துக்கும் மேலாகலாம்.

அடுத்து, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான, வாடையற்ற தண்ணீரைச் சேர்த்துப் பாருங்கள். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் 2017 இல் வெளியிட்ட கணினி உருவகப்படுத்தல் ஆய்வின்படி, புகைமணத்தோடு தொடர்புடைய குவையாக்கால் என்னும் சேர்மம், செறிவு மிகுந்த கரைசலில் உள்ளே அமிழ்ந்திருந்து, நீர் சேர்த்துச் செறிவைக் குறைக்கும்போது பரப்பை நோக்கி வருகிறது. எனினும் நீரை மிகுதியாகச் சேர்த்தால் எல்லா மணங்களும் நீர்த்துவிடும். குளிர்வடிகட்டல் (கலங்கலைத் தரும் பொருள்களைக் குளிரவைத்து வடிகட்டி நீக்குதல்) செய்யாத ஆர்ட்பெக் போன்றவை நீர் பட்டுச் சற்றுக் கலங்கினால் அஞ்சவேண்டியதில்லை. பனிக்கட்டி மணத்தை ஒடுக்கிவிடும். கோடையில் சோடா கலந்து குடிக்க விரும்புவது குற்றமன்று. ஆனால் அதற்குப் பதினாறாண்டு முதிர்ந்த விஸ்கி எதற்கு? ஜானி வாக்கர் டபுள் பிளாக் போன்ற புகைமணக் கலவை விஸ்கி அந்த வேலையைச் செவ்வனே செய்யும்.

உடன் கொறிக்க மசாலா கடலையை நான் பரிந்துரைக்கமாட்டேன். ரோக்ஃபோர்ட் போன்ற நீலப் பூசணப் பாலாடைக்கட்டி லகவுலினோடு அபாரமாகச் சேரும். அதன் உப்பு விஸ்கியின் இனிப்பைத் தூக்கிக் காட்டும். ஐலாவில் சமைக்காத ஆளிச் சிப்பியின் மீது சில துளி விஸ்கியை விட்டு உண்ணும் வழக்கம் உண்டு. இவை கிடைக்காவிடில் கசப்பு மிகுந்த கறுப்புச் சாக்லேட் துண்டு ஒன்றே போதும்.

எப்போதாவது அருந்துவோருக்குப் புட்டியைக் காப்பதும் ஒரு பொறுப்பு. திராட்சை மதுவைப்போல் படுக்கவைத்தால் கடும் ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். எனவே விஸ்கியை நிமிர்த்தியே, வெயிலும் வெப்பமும் படாத அலமாரியில் வைக்கவேண்டும். திறந்த நாளைச் சிறு தாளில் எழுதிப் புட்டியின் பின்புறம் ஒட்டுங்கள். பாதிக்குக் கீழே இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று புகையை மெல்ல மழுக்கத் தொடங்கும் என்பதால், எஞ்சியதைச் சுத்தமான சிறு கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி மூடிவைக்கலாம். அடியில் கால் பங்கே மிஞ்சியிருக்கும்போது, இதன் அருமை அறிந்த இரண்டொரு நண்பர்களை அழைத்து, ஆளுக்கொரு சிறிய பெக்காகப் பகிர்ந்து முடித்துவிடுவது, மேலும் ஓராண்டு அலமாரியில் வைத்திருப்பதைவிட மேலானது.