கோடை மழையில் எள்: வாடிய இலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் இந்த மாசிப் பட்டத்தில் புதிதாக எள் போட்ட மூன்று கழனிகளைச் சுற்றிவந்தேன். என் முதல் வருடத்துத் தவறுகள் மூன்றிலும் அப்படியே கிடந்தன. களையெடுப்பது, நல்ல விதை வாங்குவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஈரம் இருக்கும்போதே தண்ணீர் விடுவது

சித்திரை, வைகாசியில் இங்கே பகலெல்லாம் வெயில் பொசுக்கும். சாயங்காலம் ஜவ்வாது மலைப் பக்கம் கறுக்கும்; ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிடும். மறுநாள் பதினோரு மணிக்கெல்லாம் எள்ளின் இலைகள் தொங்கிப் போயிருக்கும். தாகம் என்று நினைத்துக்கொண்டு மோட்டாரைப் போடுவார்கள். என்னை இன்றுவரை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான்.

மண்ணுக்குள் காற்று இருக்கவேண்டிய இடத்தையெல்லாம் நீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சு முட்டிப்போகும், நீரை உறிஞ்சாது. செடி ஈரத்தில் நின்றபடியே வாடும். நெல் இதைத் தாங்கும். எள் இரண்டு மூன்று நாள் தேக்கத்திலேயே செத்துவிடும்.

முதல் வருடம் நானும் மோட்டாரைப் போட்டேன். மும்முனை மின்சாரம் வந்த நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற நினைப்பு வேறு. ஒரு வாரம் கழித்து ஒரு செடியைப் பிடித்தேன். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்துவிட்டது. வேரின் தோல் விரலில் வழுக்கி உரிந்தது. தண்டின் அடி கறுத்து, மிளகுத்தூளைத் தூவியதுபோலப் புள்ளிகள். வேரழுகல். கீழண்டைப் பக்கம் அரை ஏக்கர் போய்விட்டது.

இந்த வருடம் ஒரு தம்பி, "இலை தொங்குகிறதே அண்ணா, ஒரு தண்ணீர் விட்டால் எழுந்துவிடாதா?" என்று கேட்டார். அவர் விடவே தேவையிருக்கவில்லை. மாலை மழை பெய்தும் ஆட்டோ ஸ்டார்ட்டரை அணைக்காமல் வீட்டுக்குப் போயிருந்தார். இரவு மின்சாரம் வந்து விடியும்வரை தானாகவே பாய்ந்திருக்கிறது. மழை தூறினால் முதல் வேலையாக அதை அணையுங்கள்.

வாடலைக் கண்டால் அரைச்சாண் ஆழத்து மண்ணை எடுத்து உருண்டை பிடித்துப் பாருங்கள். பிடிபட்டால் மோட்டார் பக்கம் போகவே வேண்டாம். வெறும் உச்சி வெயிலுக்குச் சோர்ந்த செடி பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும்; வேர் மூச்சு முட்டிய செடி மறுநாள் காலையிலும் தொங்கும்.

இன்னொன்று. நெல்லுக்குக் கட்டிய வரப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு எள் விதைக்கிறார்கள். கழனியின் தாழ்ந்த மூலையைக் கண்டுபிடித்து, விதைப்பதற்கு முன்பே அங்கே ஓர் அடி ஆழத்துக்கு வடிகால் வெட்டுங்கள். ஒவ்வொரு பாத்தியும் அதில் போய்த் திறக்கவேண்டும். மழை நின்ற பிறகு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் சேற்றில் காலே வைக்க முடியாது.

மணல் கலக்காமல் விதைப்பது

ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். நான்கு பங்கு மணல் கலந்து தூவுங்கள்.

கலைக்க மனம் வராதது

முளைத்த செடியைப் பிடுங்கக் கை வராது, எனக்கும் வரவில்லை. நெருக்கமாக விட்டால் குச்சியாக உயர்ந்து, பக்கக் கிளை இல்லாமல், மழைக் காற்றில் படுத்துவிடும். 15ஆம் நாள் அரை அடி, 30ஆம் நாள் ஓர் அடி இடைவெளிக்குக் கலைத்துவிடுங்கள்.

பூ இலையாக மாறிய செடி

காய்க்காது. இது ஒரு நோய்; தத்துப்பூச்சி இதை மற்ற செடிகளுக்குப் பரப்பும் முன் பிடுங்கி அழியுங்கள்.

எல்லாக் காயும் பழுக்கட்டும் என்று காத்திருப்பது

திண்டிவனத்து டிஎம்வி 3, டிஎம்வி 7 ரகங்கள் 80 முதல் 85 நாளில் வரும். அடியிலிருந்து பத்தாவது காயைப் பிளந்து பாருங்கள். உள்ளே விதை நிறம் ஏறியிருந்தால் அறுத்துவிடலாம். நுனிக்காய்க்காகக் காத்திருந்தால் அடிக்காய் வெடித்து எள் மண்ணில் கொட்டும். அறுத்ததை மேடான களத்தில், நுனி உள்பக்கம் இருக்கும்படி வட்டமாக அடுக்கி, வைக்கோல் மூடி மூன்று நாள் வையுங்கள். மழை வந்தால் மேலே தார்ப்பாய். பிறகு காயவைத்து உதறினால் முதல் நாளே முக்கால் பங்கு எள் கொட்டிவிடும்.