1500டி-யிலிருந்து அடுத்த கேமராவுக்கு: பணத்தை விழுங்கும் தவறுகள்

கேனான் 1500டி-யும் அதோடு வரும் 18-55 கிட் லென்ஸும் வைத்து இரண்டு வருடம் படம் எடுத்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் கண் அதே கேனானின் விலை கூடிய 90டி பக்கமோ ஆர்10 பக்கமோ போகும். படம் இதற்கு மேல் தேறவில்லை என்ற ஆதங்கம்தான் காரணம். குறை பாடியிலா (லென்ஸ் நீங்கலான கேமரா), லென்ஸிலா, எடுக்கும் முறையிலா என்று பார்க்காமலே கடைக்குக் கிளம்புவதுதான் முதல் தவறு. மற்றவற்றில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

பார்ப்பது கடினமில்லை. மனசுக்குப் பிடிக்காமல் ஒதுக்கிய ஐம்பது படங்களைக் கணினியில் திறந்து, 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. பின்னாலிருக்கும் திரைச்சீலை தெளிவாக இருந்து, ஆடும் பிள்ளையின் முகமும் கையும் மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் திறந்து மூடும் வேகம் போதவில்லை. காது தெளிவாகவும் கண் மங்கலாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எல்லாம் தெளிவாக இருந்தும் மணல் தூவியது போல இருந்தால் வெளிச்சம் குறைந்து ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) ஏறியிருக்கிறது. இப்படி நான்கு குவியலாகப் பிரித்தபின், எந்தக் குவியலில் படங்கள் அதிகமோ, அதற்குத்தான் செலவு செய்ய வேண்டும். புது பாடி வாங்கினால் முழுதாகத் தீரும் குவியல் இதில் ஒன்றுகூட இல்லை. ஃபோகஸ் குவியலில்தான் அது அதிகம் கைகொடுக்கும்.

பள்ளி ஆண்டு விழா மேடையையே எடுத்துக்கொள்வோம். கிட் லென்ஸை 55 மிமீ வரை நீட்டினால் அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் குறையக் குறைய அகலம்) எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. மேடை விளக்கில் ஐஎஸ்ஓ 6400 வைத்தும் ஷட்டர் 1/30 நொடிதான் கிடைக்கிறது என்று வையுங்கள். ஆடுகிற பிள்ளையை நிறுத்திப் பிடிக்கக் குறைந்தது 1/250 வேண்டும். அதாவது மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) வெளிச்சம் கூடுதலாக வேண்டும். 90டி, ஆர்10 எல்லாம் இதே ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய அளவு சென்சார்தான். புதிய சென்சாரில் நிழல் பகுதிகளை ஏற்றும்போது படம் சுத்தமாக இருக்கும், அது உண்மை; ஆனால் அதிக ஐஎஸ்ஓ-வில் ஒரு ஸ்டாப்புக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஃபுல் ஃப்ரேம் எனப்படும் பெரிய சென்சாருக்கே போனாலும் பரப்பு சுமார் 2.56 மடங்குதான், கணக்குப்படி 1.3 ஸ்டாப் சொச்சம். அதே பழைய 1500டி-யில் 50 மிமீ எஃப் 1.8 லென்ஸை மாட்டி எஃப் 2-இல் எடுத்தால் மூன்று ஸ்டாப்பும் முழுதாகக் கிடைத்துவிடும். 1/30 அப்படியே 1/250 ஆகிவிடும். அந்த லென்ஸின் விலை நடுத்தர பாடியின் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எஃப் 2-இல் மூன்று மீட்டர் தூரத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் ஒரு சாணுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஃபோகஸை கேமராவின் விருப்பத்துக்கு விட்டால் அது பெரும்பாலும் முன்னால் நிற்கும் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ளும். 1500டி-யில் இருக்கும் 9 ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி ஒன்றுதான் கிராஸ் வகை (குறுக்கும் நெடுக்குமாக இரு திசையிலும் பார்ப்பது). மங்கிய வெளிச்சத்தில் நம்பத்தக்கது அது மட்டுமே. அதை மட்டும் தேர்ந்தெடுத்துக் கண் மீது வையுங்கள். ‘ஃபோகஸே சரியில்லாத கேமரா’ என்று பெயர் வாங்கிய பல பாடிகள் இந்த ஒரு மாற்றத்திலேயே தேறிவிடும்.

அடுத்து, பலரும் கவனிக்காத ஒன்று. ஆர்10-ஐ சிறிய கிட் லென்ஸோடு வாங்கினால் வருவது 18-45 எஃப் 4.5-6.3. பழைய 18-55-ஐ விட இருண்ட லென்ஸ் அது. பெரும் பணம் கொடுத்து மேலே ஏறியவர் மண்டபத்துக்குள் நுழைந்ததும் முன்பைவிடக் குறைந்த வெளிச்சத்தில் நிற்பார். ‘பாடிக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது’ என்று ஆர்10-க்கு மேலான ஆர்7-ஐ எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். அது கையின் அசைவைத்தான் அடக்கும், ஆடும் பிள்ளையின் அசைவை அல்ல. உங்கள் குவியலில் திரைச்சீலை தெளிவாக இருந்த படங்கள்தான் அதிகம் என்றால் அந்த வசதியால் பலனில்லை.

மெகாபிக்சலுக்காக ஏறுவது வீண். 1500டி-யின் படம் 6000 பிக்சல் அகலம், 90டி-யின் படம் 6960. வித்தியாசம் 16 சதவீதம். 12×18 அங்குல ஆல்பம் பக்கத்தை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 5400×3600 போதும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அரைப்படி ஏறுவதும் அப்படித்தான். 1500டி-யிலிருந்து 200டி இரண்டாம் பதிப்புக்குப் போனால் 4கே வீடியோவும் மைக் ஜாக்கும் கிடைக்கும். ஆனால் வியூஃபைண்டரில் அதே 9 புள்ளிகள், அதில் ஒன்றே கிராஸ் வகை. ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் நடு முள்ளும் இரண்டிலுமே கிடையாது. அதை நம்பி இயங்கும் விலை குறைந்த மேனுவல் ஃப்ளாஷ்களும் டிரிகர்களும் இரண்டிலுமே எரியாது.

அப்படியென்றால் எப்போது ஏறலாம்? பறக்கும் பறவை, ஓடும் கபடி வீரர் என்று நகர்வதைத் தொடர்ந்து பிடிப்பவர்களுக்கு 1500டி நிஜமாகவே தடை. நொடிக்கு 3 படம், ஒரே ஒரு நல்ல புள்ளி. 90டி-யில் 45 கிராஸ் புள்ளிகளும் நொடிக்கு 10 படமும் உண்டு. ஆர்10 நொடிக்கு 15 படம் எடுப்பதோடு, பறவையின் கண்ணையே கண்டுபிடித்துத் தொடரும். இந்த வித்தியாசத்தை எந்த லென்ஸாலும் ஈடுகட்ட முடியாது. பேட்டி, வீடியோ என்று போகிறவர்களுக்கும் காரணம் உண்டு, ஏனென்றால் 1500டி-யில் வெளி மைக் செருக இடமே இல்லை. காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பவர்களுக்கு இரண்டு கார்டு ஸ்லாட் அவசியம் என்பேன். ஒரு கார்டு கெட்டால் தாலி கட்டும் நேரம் திரும்ப வராது. அவர்களுக்கு 90டி-யும் ஆர்10-உம் விடை அல்ல, இரண்டிலும் ஒரே ஸ்லாட்தான். ஆர்7-இல் இரண்டு உண்டு.

பாடி மாறும்போது லென்ஸ்கள் என்ன ஆகும் என்று கேட்காமல் வாங்குவது பெரிய இடறல். 1500டி போன்றவற்றில் மாட்டும் ஈஎஃப், ஈஎஃப்-எஸ் லென்ஸ்கள் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) ஆர் வரிசை பாடிகளில் அடாப்டரோடு ஆட்டோஃபோகஸ் உட்பட வேலை செய்யும். ஆனால் ஃபுல் ஃப்ரேம் ஆர்8-இல் சிறிய சென்சாருக்கான உங்கள் ஈஎஃப்-எஸ் லென்ஸை மாட்டினால் சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே பயன்படும். 24 மெகாபிக்சல் சுமார் 9 ஆகச் சுருங்கிவிடும். நிக்கான்காரர்களுக்குச் சிக்கல் வேறு. டி3500, டி5600 இரண்டிலும் ஃபோகஸ் மோட்டார் இல்லை என்பதால் பழைய 50 மிமீ 1.8டி போன்ற லென்ஸ்களைக் கையால்தான் திருப்ப வேண்டும். டி7500-இல் மோட்டார் உண்டு. அதை நம்பி டி வகை லென்ஸ்களைச் சேர்த்துவிட்டு, பிறகு நிக்கானின் மிரர்லெஸ் இசட் வரிசைக்கு எஃப்டிஇசட் அடாப்டரோடு போனால் மறுபடியும் கையால்தான் திருப்ப வேண்டியிருக்கும்.

விலை அட்டையில் எழுதாத செலவுகளையும் சேர்த்துப் பாருங்கள். 1500டி-யின் எல்பி-இ10 பேட்டரி மேலே எதற்கும் பொருந்தாது: ஆர்10-க்கு எல்பி-இ17, 90டி-க்கும் ஆர்7-க்கும் எல்பி-இ6 வகை. மிரர்லெஸ் என்றால் சார்ஜ் வேகமாக இறங்கும், ஒரு முழு நாள் நிகழ்ச்சிக்குக் கூடுதலாக இன்னொரு பேட்டரி வேண்டும். ரா (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும்) படங்கள் இனி சிஆர்3 என்ற கோப்பு வடிவில் வரும். லைட்ரூம் 6 போன்ற பழைய மென்பொருள் அவற்றைத் திறக்காது.

வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் உங்கள் பாடியில் நல்ல லென்ஸ், பிறகு புது பாடியில் உங்கள் லென்ஸ், இரண்டும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது படத்தைத் தேற்றியது என்று தெரியாது.

பழைய கேமராவாக வாங்கினால் கடையிலேயே அப்பர்ச்சரை எஃப் 16-இல் வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்குங்கள். எல்லாப் படத்திலும் அதே இடத்தில் கரும்புள்ளி வந்தால் சென்சாரில் தூசி. லென்ஸின் முன்பக்கம் போன் டார்ச்சை அடித்துப் பின்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலப் படர்ந்திருந்தால் பூஞ்சை, கடலோர ஊர்களில் இது சகஜம். அதை வாங்கி மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்காதீர்கள். நிக்கானில் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பது படக் கோப்பில் பதிந்திருக்கும் எக்ஸிஃப் தகவலிலேயே கிடைக்கும். கேனானில் பெரும்பாலும் கிடைக்காது, அதனால் விற்பவரின் சொல்லை விட பில்லில் இருக்கும் தேதியையும், பாடியில் இருக்கும் வரிசை எண் பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள்.