மதிப்பெண் உண்டு, பாடம் தாண்டிய செயல்பாடுகள் குறைவு: அமெரிக்கக் கல்லூரிப் பட்டியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்பில் எப்போதும் முதல் வரிசை மதிப்பெண். ஆனால் விளையாட்டு அணி, விவாத மேடை, மன்றப் பொறுப்பு எதுவும் கிடையாது. இப்படிப்பட்ட பிள்ளைகள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும்போது செய்யும் முதல் தவறு, தரவரிசையைப் பார்த்து மேலிருந்து கீழாகப் பட்டியல் எழுதுவது. ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் போன்ற இடங்களுக்கு அதே மதிப்பெண்ணோடு ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அங்கே மதிப்பெண் வாசல் வரைதான் கொண்டுபோய் விடும்.

தரவரிசைக்கு முன்னால் பார்க்க வேண்டியது ‘காமன் டேட்டா செட்’, அதாவது கல்லூரிகள் தங்கள் சேர்க்கை விவரங்களை ஒரே வடிவத்தில் தரும் ஆவணம். பெரும்பாலான கல்லூரிகள் இதை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். அதில் சி7 என்ற அட்டவணையைத் திறந்து பாருங்கள். பாடங்களின் கடினம், மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், பாடம் தாண்டிய செயல்பாடுகள் என ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘மிக முக்கியம்’, ‘முக்கியம்’, ‘கருத்தில் கொள்ளப்படும்’, ‘கொள்ளப்படாது’ என்ற நான்கில் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். மதிப்பெண்ணுக்கு ‘மிக முக்கியம்’, செயல்பாடுகளுக்குக் கடைசி இரண்டில் ஒன்று என்றிருந்தால், அந்தக் கல்லூரியைத் தயங்காமல் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களில் இப்படிப்பட்டவை கணிசமாக உண்டு. அவற்றுள் பலவற்றில் சிறந்த மாணவர்களுக்கென்றே ‘ஆனர்ஸ்’ கல்லூரியும் இருக்கிறது. பெயர் பெரிதில்லை என்று அவற்றை ஒதுக்குவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான எஸ்ஏடி கட்டாயமில்லை என்றதும் நல்ல மதிப்பெண்ணையும் அனுப்பாமல் விடுவது இன்னொரு தவறு. உங்கள் பலமே அதுதான்; அனுப்புங்கள். ஆனால் கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கை முடிவில் அதைப் பார்ப்பதே இல்லை. எம்ஐடி 2022-இல் மீண்டும் கட்டாயமாக்கிவிட்டது. எனவே ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

பதறிப்போய்க் கடைசி ஆண்டில் ஐந்து மன்றங்களில் சேர்வதால் பயனில்லை. அதைவிடப் பெரிய இழப்பு, ஏற்கெனவே செய்வதை எழுதாமல் விடுவது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ இணைய விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகளுக்கு இடம் உண்டு. குடும்பப் பொறுப்பும் சம்பள வேலையும் அதில் தனி வகைகளாகவே இருக்கின்றன. விவரிக்க 150 எழுத்துகள்தாம். அதில் ‘வீட்டில் உதவுவேன்’ என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. ‘தம்பிகள் இருவரைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவேன், இரவுச் சமையல் செய்வேன், கணக்குச் சொல்லிக்கொடுப்பேன்’ என்றால் ஒரு மனிதர் கண்முன் தெரிகிறார். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. அங்கே உண்மையான எண்ணைப் போடுங்கள்.

அமெரிக்காவோடு நின்றுவிடவும் வேண்டாம். பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும், மாணவர் எடுத்துக்கொள்ளும் பாடத்தில் அவருக்கு உள்ள ஆழத்தைத்தான் முதன்மையாகப் பார்க்கின்றன. விளையாட்டுக் கோப்பைகளை அல்ல. ஒரே ஆண்டில் இரண்டில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் அக்டோபர் 15. அமெரிக்காவின் ஜனவரி கெடுவை மட்டும் மனதில் வைத்திருப்பவர்கள் இந்தத் தேதியைத்தான் கோட்டை விடுகிறார்கள்.