வீட்டிலேயே கோவிட் குணமானவர்கள் பயணத்திற்கு முன் கவனிக்க வேண்டியிருந்தது

இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் வீட்டிலேயே தனித்திருந்து கோவிட்டிலிருந்து குணமானவர்கள், பாரிஸ் வழியாக மற்ற ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்லும்போது காட்ட வேண்டியிருந்தது தனிமைக் காலம் முடிந்ததாக மருத்துவர் எழுதித் தரும் கடிதம் அன்று. 2021 ஜூலை முதல் 2023 ஜூன் வரை நடப்பிலிருந்த ஐரோப்பிய டிஜிட்டல் கோவிட் சான்றிதழில், குணமடைந்தோருக்கான வகையே அது. நோய் இருந்தபோது ஆய்வகத்திலோ மருந்துக்கடையிலோ சோதிக்கப்பட்டு, 'சிதெப்' என்னும் அரசுத் தரவுத்தளத்தில் பதிவான பாசிட்டிவ் முடிவே அதற்கு அடிப்படையாக இருந்தது. நாமே மூக்கில் குச்சியை விட்டுப் பார்த்த சோதனையில் இரண்டு கோடுகள் எவ்வளவு அழுத்தமாகத் தெரிந்தாலும், அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தாலும், அது செல்லவில்லை. ஆகவே கோடு தெரிந்தவுடனேயே முகக்கவசத்துடன் மருந்துக்கடைக்குப் போய் மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டியிருந்தது, ஏனெனில் குணமான பிறகு சோதித்தால் முடிவு நெகட்டிவ் என்று வந்து, நோய் வந்ததற்கே சான்றில்லாமல் போய்விடும்.

சான்றிதழ், சோதனை நாளிலிருந்து 11ஆம் நாளில் செல்லுபடியாகத் தொடங்கி, அதிகபட்சம் 180 நாள் வரை பயன்பட்டது.

அதிலுள்ள பெயரும் பிறந்த தேதியும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதை, முடிவு வந்த அன்றே பார்த்துவிடுவது நல்லதாக இருந்தது. பிரெஞ்சு எழுத்தில் நம் பெயர்கள் படும் பாடு தெரிந்ததுதானே! பிழை இருந்தால், சோதனை செய்த இடத்திலேயே திருத்தச் சொல்லிவிட்டு, கியூஆர் குறியீட்டைத் தாளிலும் அச்சிட்டு வைத்துக்கொள்வது உதவியது.