பழைய டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப்: எந்தக் குமிழ் என்ன செய்கிறது?

1963 முதல் 1967 வரை வந்த கறுப்பு முகப்பு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், 22 வாட் வால்வு (வெற்றிடக் குழாய்) கிட்டார் ஆம்ப். ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். முகப்பில் எழுதியிருப்பதை அப்படியே நம்பினால் குழப்பம்தான்.

1. முதலில் மின்சாரம். அமெரிக்க மாடல் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டுக்கு 300 விஏ-க்கு (வோல்ட்-ஆம்பியர்) குறையாத ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். வயர் இரண்டு பின்னோடு இருந்தால் வாசிக்கவே வேண்டாம்: பின்பக்க கிரவுண்ட் சுவிட்சோடு இணைந்த கெப்பாசிட்டர் பழுதானால் கிட்டார் கம்பியிலேயே ஷாக் அடிக்கும். மெக்கானிக்கிடம் சொல்லி அதை நீக்கி, மூன்று பின் வயர் போடுங்கள். நீங்களே திறக்காதீர்கள்; உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல், அணைத்த பிறகும் தங்கியிருக்கும்.

2. ஸ்பீக்கர் வயர் செருகியிருக்கிறதா பாருங்கள். 8 ஓம். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டக் கூடாது. பவர் சுவிட்சைப் போட்டு, ஒரு நிமிடம் கழித்து ஸ்டாண்ட்பை (காத்திருப்பு) சுவிட்சையும் போடுங்கள்.

3. கிட்டாரை எங்கே செருகுவது? இரண்டு சேனல், ஒவ்வொன்றிலும் 1, 2 என்று இரு துளைகள். 2-இல் சிக்னல் பாதியாகிவிடும். பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம்) மிகச் சத்தமாக இருந்தால் மட்டும் அது. ‘நார்மல்’ என்று பெயர் இருந்தாலும் ரிவெர்பும் (எதிரொலி போன்ற ஒலி) ட்ரெமலோவும் (சத்தம் ஏறி இறங்குவது) அந்தச் சேனலில் கிடையாது. அவை ‘வைப்ரேட்டோ’ சேனலில்தான். இரண்டு சேனலையும் சிறு வயரால் இணைத்து வாசிக்கும் பழக்கம் இதில் உதவாது. வைப்ரேட்டோ சேனலில் ஒரு வால்வு கட்டம் கூடுதல் என்பதால் இரண்டு ஒலியும் எதிரெதிராகி, ஒன்றையொன்று தின்றுவிடும்.

4. வால்யூம், ட்ரெபிள், பாஸ். மிடில் குமிழ் இல்லை. அதன் இடத்தில் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் நிலையாக இருக்கிறது. ட்ரெபிள், பாஸ் இரண்டையும் 5-இல் வைத்துத் தொடங்குங்கள். வைப்ரேட்டோ சேனல் குறைந்த வால்யூமில் கீச்சென்று கேட்டால் பழுதல்ல: வால்யூம் குமிழில் உள்ள 47 பிகோஃபாரட் கெப்பாசிட்டரின் வேலை. வால்யூமைக் கூட்டக் கூட்ட அது அடங்கும். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் உள்ளே தூசு.

5. ரிவெர்ப். அடியில் ஒரு தகரப் பெட்டிக்குள் ஸ்பிரிங்குகள். வாசிக்கும்போது ரிவெர்ப் கேட்காவிட்டால், 3-இல் வைத்து, ஆம்பை மெல்ல அசையுங்கள். இடி போல் சத்தம் வந்தால் ஸ்பிரிங்கிலிருந்து திரும்பி வரும் பாதை சரி. அப்படியானால் பெட்டிக்குச் சிக்னல் அனுப்பும் 12ஏடி7 வால்வையும் வயரையும் சந்தேகியுங்கள். ஒன்றும் கேட்காவிட்டால் பெட்டியிலிருந்து வரும் வயர் கழன்றிருக்கலாம்.

6. ஸ்பீட், இன்டென்சிட்டி. வைப்ரேட்டோ என்றால் சுருதி அசைய வேண்டும். இங்கே அசைவது சத்தம் மட்டுமே, அதாவது ட்ரெமலோ. குழாய்க்குள் நியான் பல்பு மின்னி, ஒளி பட்டால் தடை மாறும் ரெசிஸ்டர் சத்தத்தைக் குறைத்துக் கூட்டுகிறது. குமிழைத் திருப்பியும் பலனில்லையா? பழுது என்று முடிவு கட்டாதீர்கள். கால் சுவிட்ச் செருகாமல் இது வேலை செய்யாது. சுவிட்ச் தொலைந்திருந்தால், உள்ளே இரு முனையும் இணைத்த ஆர்சிஏ பிளக் ஒன்றை பின்பக்கத்தில் கால் சுவிட்சுக்கான வைப்ரேட்டோ துளையில் செருகினால் போதும்.