ஹெட்லைட் மங்கினால் பல்பை மட்டும் குறைசொல்லாதீர்கள்

டர்பனில் பல ஆண்டுகள் வெயிலிலும் கடல்காற்றிலும் நின்ற காரின் ஹெட்லைட் மங்காமல் இருந்தால்தான் வியப்பு. தென்னாப்பிரிக்காவில் சொந்தக் கார்களுக்கு ஆண்டுதோறும் சோதனை கிடையாது. வண்டி கைமாறும்போதுதான், அது சாலையில் ஓடத் தகுதியானது என்று காட்டும் ரோட்வர்த்தி சான்றிதழ் கேட்கிறார்கள். ஆகவே ஒருவரிடமே நெடுங்காலம் இருக்கும் காரின் விளக்கை யாரும் சோதிப்பதில்லை. வெளிச்சம் சிறுகச் சிறுகக் குறைவதால் கண்ணும் அதற்குப் பழகிவிடுகிறது. மின்வெட்டில் தெருவிளக்குகளும் ரோபோக்கள் எனப்படும் போக்குவரத்து விளக்குகளும் அணைந்துகிடக்கும் இரவிலோ, என்3 சாலையில் வான் ரீனன் கணவாயின் மூடுபனியிலோதான் குறை தெரிகிறது. மறுநாள் கடைக்குப் போய்ப் புதுப் பல்பு வாங்கி மாட்டுகிறோம். பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு இதுதான்.

பல்பு வாங்குவதற்கு முன் வண்டியை இரவில் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்திப் பாருங்கள். ஒளி பழுப்பு மஞ்சளாக இருந்தால் பல்புக்குப் போதிய மின்னழுத்தம் போகவில்லை என்று சந்தேகிக்கலாம். ஒளி வெண்மையாகவே இருந்தும் சுவரில் கலங்கலாகப் படிந்தால் முகப்பு மூடியையோ உள்ளே இருக்கும் பிரதிபலிப்பானையோ பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மங்கலா, இரண்டுமா என்பதையும் கவனியுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இரண்டும் பளிச்சென்று ஏறினால், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட், பாட்டரி இணைப்புகள் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம்.

அடுத்த தவறு மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரைப் பயன்படுத்தும் முறையில் இருக்கிறது. சாக்கெட்டைக் கழற்றி வெறும் முனைகளில் அளந்து, பாட்டரியில் உள்ள அதே அளவு இங்கும் வருகிறது என்று திருப்தி அடைகிறார்கள். மின்னோட்டம் ஓடாதபோது துருப்பிடித்த கம்பியும் நல்ல கம்பியைப் போலவே அளவு காட்டும். பல்பு மாட்டி எரியும்போது, எஞ்சின் ஓடும்போது, சாக்கெட்டின் பின்புறம் வழியாக அளக்க வேண்டும். பாட்டரியில் 14 வோல்ட் இருந்து பல்பில் 12.6 வோல்ட்தான் வந்து சேர்ந்தால், போனது பத்தில் ஒரு பங்குதானே என்று விட்டுவிடக் கூடாது. ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும்.

அந்த இழப்பு எங்கே நடக்கிறது? பலரும் நேர்மின் பக்கத்தை மட்டும் தேடுகிறார்கள். எர்த் கம்பியை யாரும் தொடுவதில்லை. பிளஃப், மெர்பேங்க் போலக் கடலை ஒட்டிய பகுதிகளில் நிற்கும் வண்டிகளில் நான் முதலில் சந்தேகிப்பது அதைத்தான். உப்புக்காற்று பாடியோடு எர்த் இணையும் போல்ட்டுக்கு அடியில் புகுந்து அரித்துவிடுகிறது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்கு எரியும்போது மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்மின் முனையிலும் மற்றொன்றைப் பல்பின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் போல்ட்டைக் கழற்றி, உலோகம் மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். சில வண்டிகளில் இந்த ஒரு வேலையிலேயே வெளிச்சம் திரும்பிவிடும். நேர்மின் பக்கத்தில் இழப்பு அதிகமானால், பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தனிக் கம்பி இழுத்து ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வழியாக விளக்குக்குக் கொடுப்பதே நிலையான தீர்வு.

இதைச் செய்யாமல் 55 வாட் பல்பு இருந்த இடத்தில் 100 வாட் பல்பை மாட்டுவது ஆபத்து. கூடுதல் மின்னோட்டத்தால் மெலிந்த கம்பியில் இழப்பும் கூடும். சாக்கெட் உருகும், பிரதிபலிப்பான் கருகும். ஹாலஜனுக்கென்று வடித்த விளக்கில் எல்இடி பல்பைச் செருகுவது எனக்கு இதைவிடவும் கோபம் தரும் செயல். ஒளி புறப்படும் இடம் ஹாலஜன் இழையின் இடத்தோடு சரியாகப் பொருந்தாவிட்டால் ஒளிக்கற்றை சிதறிவிடும். ஓட்டுபவருக்கு வண்டியின் முன்னே அருகிலுள்ள சாலை பளிச்சென்று தெரிவதால் நல்ல மாற்றம் என்று தோன்றும். தொலைவில் வெளிச்சம் குறைந்திருக்கும்; எதிரே வருபவரின் கண் கூசும்.

மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக் மூடிக்கு வருவோம். பாலிகார்பனேட்டின் மேலிருக்கும் காப்புப் பூச்சு புற ஊதாக் கதிரால் சிதைவதுதான் மஞ்சளுக்குக் காரணம். பற்பசையால் தேய்த்தால் சில வாரம் பளபளக்கும். உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பவர்கள் மிச்சமிருந்த பூச்சையும் அகற்றிவிட்டு, அப்படியே வெயிலில் நிறுத்திவிடுகிறார்கள். சில மாதங்களில் மூடி முன்னைவிட மோசமாகும். படிப்படியாக நுண்ணிய உப்புத்தாளுக்கு மாறி, பாலிஷ் செய்து, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிவான பூச்சைக் கட்டாயம் பூச வேண்டும். நிசான் 1400 பாக்கி (சிறிய பிக்கப் வண்டி) போன்ற பழைய வண்டிகளின் கண்ணாடி மூடிக்கு இந்தத் தொல்லை இல்லை.

பிரதிபலிப்பானைத் துணியால் துடைக்காதீர்கள். மெல்லிய அலுமினியப் பூச்சு கையோடு வந்துவிடும். அது கருகியோ உரிந்தோ போயிருந்தால் விளக்கையே மாற்றத்தான் வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் சாலை தெரியவில்லை என்றால் விளக்கின் கோணத்தைப் பாருங்கள். ஒளி மிகவும் கீழே விழுந்தாலும் விளக்கு மங்கியதாகத்தான் தோன்றும். முன்கண்ணாடியின் உட்புறம் படியும் எண்ணெய்ப் படலத்தையும் துடைத்துவிடுங்கள். ஓட்டுபவர் அறுபதைத் தாண்டியவர் என்றால், இளையவர் ஒருவரை அதே இருக்கையில் அமர்த்தி அதே சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு நன்றாகத் தெரிந்தால், அப்பாவையோ அம்மாவையோ கண்புரைச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை இரவில் நீங்களே ஓட்டுங்கள்.